கம்பெனி என்றால் யார்?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஒரே காலைப் பொழுதில் ‘கம்பெனி’ என்ற சொல்லை நாலு விதமாகக் கேட்கலாம். சிப்காட் பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர், “கம்பெனி பஸ்ஸை விட்டுட்டேன் அண்ணே, கொஞ்சம் இறக்கி விடுங்க” என்று பைக்கை நிறுத்துகிறார். உதிரிபாகக் கடைக்காரர், “இது கம்பெனி சாமான்மா, லோக்கல் கிடையாது” என்று பாக்கெட்டில் இருக்கும் முத்திரையைக் காட்டுகிறார். டீக்கடையில், “நான் இப்பதான் குடிச்சேன் மாமா. சரி வாங்க, உங்களுக்குக் கம்பெனி குடுக்கறேன்” என்று இன்னொருவர் பெஞ்சில் உட்காருகிறார். தேர்தல் நேரமாக இருந்தால், அந்தப் பெஞ்சில் கிடக்கும் செய்தித்தாளில் துணை ராணுவப் படை இத்தனை கம்பெனி வருகிறது என்று செய்தி இருக்கும்.

வேலை செய்யும் இடம், தரத்துக்கு அடையாளம், பேச்சுத் துணை, படைப்பிரிவு. எந்தக் கம்பெனி என்று கேட்பவர் யாரும் குழம்புவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இந்த நாலையும் இடமறிந்து புழங்குகிறார்.

இந்தச் சொல்லுக்குள் இருப்பது ரொட்டி. லத்தீனில் ‘பானிஸ்’ என்றால் ரொட்டி, ‘கோம்’ என்றால் கூட. கூட உட்கார்ந்து ரொட்டியைப் பங்கிட்டுச் சாப்பிடுகிறவன் ‘கோம்பானியோ’. அப்படிச் சாப்பிடும் கூட்டத்துக்குப் பழைய பிரெஞ்சில் ஏற்பட்ட பெயர் ஆங்கிலத்துக்குப் போய்க் ‘கம்பெனி’ ஆனது. பந்தியில் உட்கார்ந்தவர்கள், ஒன்றாகப் பயணம் போகிறவர்கள், ஒன்றாகச் சண்டைக்குப் போகிறவர்கள், ஒன்றாக முதல் போட்டு வியாபாரம் செய்கிறவர்கள் என்று பொருள் விரிந்தது. கூட்டம் எதுவானாலும் யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி மட்டும் அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. கடலூர்க் கரைக்கு வந்து முந்நூறு வருஷங்களுக்கு மேலாகியும் அந்தக் கேள்வி இந்தச் சொல்லை விடவில்லை.

பீரங்கி அளந்த நிலம்

வியாபாரத்துக்காகக் கூட்டம் சேர்வது இந்தக் கரைக்குப் புதிதில்லை. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார், நானாதேசிகள் என்று வணிகக் குழுக்களின் பெயர்கள் கல்வெட்டுகளில் வரிசையாக வருகின்றன. ஐந்நூற்றுவர் 1088-இல் சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்திலேயே தமிழில் கல்வெட்டு வைத்தவர்கள். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது அதற்கு ஐந்நூறு வருஷங்களுக்குப் பிறகு, 1600 டிசம்பர் 31 அன்று. இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து முதல் போட்ட கூட்டம் அது.

1690-இல் அந்தக் கூட்டம் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக்கு வந்தது. செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து கெடிலம் ஆற்றின் ஓரமாக இருந்த சிறு கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். அப்போது சென்னையில் கம்பெனியின் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். இதற்காகச் சென்னையிலிருந்து பீரங்கியும், அதை நன்றாகச் சுடத் தெரிந்த ஆளும் வரவழைக்கப்பட்டனர். குண்டு விழுந்த எல்லைக்குள் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரையும் இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வதுண்டு. கோட்டைக்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊர்களில் இருந்த உழவரும் நெசவாளரும் எந்தக் கூட்டத்திலும் சேரவில்லை. ஆனாலும் குண்டு விழுந்த நாளிலிருந்து கம்பெனியின் குடிகள் ஆனார்கள்.

அந்தக் காலத்தில் ‘கம்பெனி’ என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனி, தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி. தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயருக்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, டச்சுக் கம்பெனி காலூன்றியிருந்தது. ஒரு சிறு கடற்கரைத் துண்டில் நாலு நாட்டுக் கம்பெனிகள். துணி வாங்கிக் கொடுக்கும் உள்ளூர் வணிகர்களையும் பங்கு போட வைத்துக் கூட்டாகச் சேர்த்துவிடுவது இவர்களின் வழக்கமாயிற்று. ஒருவர் ஓடிப்போனாலும் முன்பணத்துக்கு மற்றவர்கள் பொறுப்பு என்பது அதில் இருந்த வசதி.

கம்பெனிக்குள் கம்பெனி

1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்ததும், சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறியது. 1752 வரை அங்கேதான் இருந்தது. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்த ராபர்ட் கிளைவ் என்ற எழுத்தர், பேனாவை வைத்துவிட்டுப் படையில் சேர்ந்ததும் இங்கேதான். 1748 ஜனவரியில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற தளபதி கடலூருக்கு வந்து இறங்கினார். சிதறிக் கிடந்த காவல் ஆட்களை ஒழுங்குபடுத்திக் கம்பெனி கம்பெனியாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்தார். பிரிட்டிஷார் அவரை இந்திய ராணுவத்தின் தந்தை என்றே எழுதினார்கள்.

இப்படித்தான் ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள் கெடிலக் கரையில் ஒன்றுக்குள் ஒன்றாக அமர்ந்தன. லண்டனில் பங்கு வைத்திருப்பவர்கள் ஒரு கம்பெனி. அவர்களின் லாபத்தைக் காக்கத் துப்பாக்கி தூக்கியவர்கள் இன்னொரு கம்பெனி. 1749-இல் கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் இருந்த தேவிகோட்டையைப் பிடித்தது இந்தப் படைதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். 1781 ஜூனில் ஹைதர் அலியின் ஆட்கள் காவல் இருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கிய ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், முடியாமல் பின்வாங்கினார். ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டைப் போரில் வென்றார்.

1801-இல், அப்போது கர்நாடகம் எனப்பட்ட இந்தப் பகுதி முழுவதும் கம்பெனி வசமானபோது, சொல்லுக்கு அரசு என்ற பொருளும் வந்துவிட்டது. வரி வாங்குவது கம்பெனி, வழக்குத் தீர்ப்பது கம்பெனி, தூக்கில் போடுவதும் கம்பெனி. மக்கள் நாக்கில் அது ‘கும்பினி’. கட்டபொம்மன் கதைப் பாடல்களில் அவர்கள் கும்பினியான்கள். மனு எழுதும்போது கும்பினியார். முகம் தெரியாத பங்குதாரர் கூட்டத்தை ஒரு ஆளாக நினைத்து, கோபம் வந்தால் ‘ஆன்’ விகுதியும் காரியம் ஆக வேண்டுமென்றால் ‘ஆர்’ விகுதியும் போட்டுப் பேசினார்கள். தங்களை ஆளுகிறவன் எங்கோ ஒரு மனிதனாக இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. 1858-இல் ஆட்சி விக்டோரியா அரசியின் கைக்குப் போனது. 1874-இல் அந்தக் கம்பெனி சட்டப்படியே கலைக்கப்பட்டது.

இரும்பும் கரும்பும்

சொல் கலையவில்லை. கம்பெனி உத்தியோகத்திலிருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை தொடங்கினார். சேலத்திலிருந்து இரும்புத் தாது வந்தது. உலைக்கு மரக்கரி. சென்னை அரசு முன்பணம் கொடுத்தது. கரிக்காகக் காடுகள் அழிந்து விறகு தூரமாகிப் போக, செலவு கட்டுப்படியாகவில்லை. கைமாறிக் கைமாறி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலை நின்றது. முதல் போட்டவர்கள் நஷ்டப்பட்டார்கள்.

நெல்லிக்குப்பத்தின் கதை வேறு. தாமஸ் பாரி 1788-இல் சென்னையில் தொடங்கிய வணிக நிறுவனம், 1842-இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைக்கு அடிபோட்டது. பாரி 1824-லேயே இந்தப் பக்கம் வந்திருந்தபோது காலராவில் இறந்துபோனார். அவர் பெயரில் இருந்த நிறுவனம் பல கை மாறி, 1981-இல் முருகப்பா குழுமத்துக்கு வந்தது. சென்னையில் பாரிமுனை என்ற பெயர் தாமஸ் பாரியின் பெயரால் வந்ததுதான்.

நெல்லிக்குப்பத்துச் சுற்றுவட்டாரத்தில் கரும்பு போடுகிறவர்கள் “கம்பெனிக்குப் பதிஞ்சிருக்கேன்” என்பார்கள். வெட்டு உத்தரவு வரும்வரை கரும்பு வயலில் காத்திருக்கும். சிதம்பரம் பக்கம் சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அங்கே பதிந்தவர்கள் ‘ஆலைக்கு’ என்றோ ‘கூட்டுறவுக்கு’ என்றோதான் சொல்வார்கள். கரும்பும் ஒன்று, சர்க்கரையும் ஒன்று. கூட்டுறவில் கரும்பு விவசாயி உறுப்பினர். கம்பெனியில் அவர் சரக்கு கொடுக்கிறவர். பணம் வரத் தாமதமானால் இரண்டு இடத்திலும் வலி ஒன்றுதான் என்றாலும், கேட்கும் உரிமை எந்தக் கூட்டத்தில் நாம் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் வ.உ. சிதம்பரனார். 1906-இல் தூத்துக்குடியில் அவர் தொடங்கிய கப்பல் கம்பெனிக்கு முதல் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். சாதாரண வியாபாரியும் சேரட்டும் என்றுதான் பங்கைச் சிறிதாக வைத்தார்கள். தமிழில் அதற்கு வைத்த பெயர் சுதேசி நாவாய்ச் சங்கம். வெள்ளையர் கம்பெனியை எதிர்க்க வந்த கம்பெனிக்குச் சங்கம் என்ற பெயர் பொருந்தியது. 1908-இல் அவரைச் சிறையில் அடைத்தபின் அது தள்ளாடி, 1911-இல் முடிந்தது.

சோறு போட்ட கம்பெனி

ரொட்டிக்கு மிக அருகில் வந்த பொருள் தமிழ்நாட்டில் நாடக மேடையில்தான் கிடைத்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அங்கே. எம்.ஜி.ஆர். சிறு வயதில் போய்ச் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். காகிதத்தில் சபா என்று எழுதியிருந்தாலும், ஊர் ஜனங்களுக்கு எல்லாமே பாய்ஸ் கம்பெனிதான்.

வறுமையில் வாடிய குடும்பங்கள் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டன. கம்பெனி எந்த ஊரில் முகாம் போட்டாலும் அங்கே ஒரு கம்பெனி வீடு இருக்கும். அங்கேயே படுக்கை, அங்கேயே பாடம், அங்கேயே பந்தி. வாத்தியார் பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுப்பார், தவறினால் அடியும் விழும். நல்ல குரல் உள்ள பையனுக்கு ராஜபார்ட், முகம் எடுப்பாக இருந்தால் ஸ்திரீ பார்ட். பதினான்கு, பதினைந்து வயதில் குரல் உடையும்போது அதை மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை வள்ளியாக நின்று கைதட்டல் வாங்கிய பையன், மகரக்கட்டு வந்ததும் மேடையின் ஓரத்துக்குப் போய்விடுவான். கூட இருந்து சாப்பிடலாம், முன்னால் நின்று பாட முடியாது. டி.கே. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ இந்த உலகத்தை உள்ளிருந்து பதிவு செய்த நூல்.

கடலூர், விழுப்புரம் பக்கத் தெருக்கூத்துக் குழுவுக்கு இந்தப் பெயர் ஒட்டவில்லை. அது ஜமா. ஜமாவில் ஆடுகிறவர் பகலில் விவசாயி, கூலிக்காரர், தச்சர். இரவில் கட்டை கட்டி ஆடிவிட்டு, கிடைத்ததை ஆளுக்கு ஆள் பங்கு பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். கம்பெனி என்றால் முதலாளி உண்டு, சம்பளம் உண்டு. ஜமாவில் வாத்தியார் உண்டு, பங்கு உண்டு. பேண்டு வாசிப்பவர்கள் செட்டு, அரசியலில் கோஷ்டி, கல்லூரியில் கேங்கு என்று கூட்டத்துக்குத் தக்க பெயரைப் பேச்சுத் தமிழ் தேர்ந்து வைத்திருக்கிறது.

நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள் இந்தச் சொல்லையும் கூடவே எடுத்துப் போனார்கள். படம் எடுக்கும் அலுவலகம் சினிமா கம்பெனி ஆனது. “கம்பெனிக்குப் போய்க் கதை சொன்னேன்” என்று உதவி இயக்குநர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

கேட்டுக்கு உள்ளே

1980-களில் கடலூர் முதுநகரைத் தாண்டிக் குடிகாட்டுப் பக்கம் சிப்காட் வளாகம் வந்தபிறகு, இந்த மாவட்டத்தில் கம்பெனி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரசாயன ஆலைதான். “பையன் கம்பெனி வேலைக்குப் போறான்” என்றால் சம்பளம் வருகிறது என்று பொருள். அதே ஊர்க்காரர் “கம்பெனி நாத்தம்” என்றால் காற்றிலும் நிலத்தடி நீரிலும் வந்து சேர்ந்தது என்னவென்று பொருள். ஊதியமும் உபாதையும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

ஆலை வாசலில் நின்று கேட்டால் இன்னொரு பிரிவினை தெரியும். “நீங்க கம்பெனி ஆளா, கான்ட்ராக்ட் ஆளா?” ஒரே ஷிப்ட், ஒரே மிஷின், பல இடங்களில் ஒரே மாதிரி வேலை. நிரந்தர ஊழியர் கம்பெனி ஆள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், பத்து வருஷம் அங்கேயே வேலை பார்த்தாலும், கம்பெனிக்கு வெளியாள். போனஸ், மருத்துவ உதவி, விடுப்பு, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியின் பதிலில் தொங்குகிறது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் வைக்கச் சொல்லும் விதியை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் கேன்டீன் வேண்டும் என்பதை எழுத 1970-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. ஒரே கூரைக்குக் கீழே உழைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்குச் சட்டம் வந்து சொல்ல வேண்டியிருந்தது வருத்தமான விஷயம்.

லிமிடெட்டும் அன்ட் கோவும்

கடைவீதிப் பலகைகளில் ‘அன்ட் கோ’ என்று இருப்பதெல்லாம் சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஆகாது. அண்ணன் தம்பியோ நண்பர்களோ சேர்ந்து நடத்தும் கூட்டு வியாபாரம் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தில் வரும். அதில் கடன் ஏறினால் கூட்டாளியின் சொந்த வீடுவரை கைவைக்கலாம். ‘லிமிடெட்’ என்று முடியும் கம்பெனியில் பங்கு வாங்கியவருக்குப் போட்ட பணத்தோடு பொறுப்பு முடிந்தது. கம்பெனி கோடிக்கணக்கில் கடன்பட்டாலும் பங்குதாரர் வீட்டுக் கதவை யாரும் தட்ட முடியாது. கம்பெனி என்பது அதன் உறுப்பினர்களிடமிருந்து வேறான தனி ஆள் என்பது சட்டம். நம்முடைய பாட்டன்மார் கும்பினியை ஒரு ஆளாக வைத்துப் பேசியதும் இதைத்தான்.

தனியார் கம்பெனிக்குக் குறைந்தது 2 பேர், பொதுக் கம்பெனிக்கு 7 பேர் வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே ஒருவரும் கம்பெனி தொடங்கலாம் என்றது. அவருக்குப் பிறகு பொறுப்பேற்க ஒருவர் பெயரை நியமித்துவிட்டால் போதும். ரொட்டியைப் பங்கிட்டவர்களின் பெயர், பங்கிட ஆளே இல்லாதவருக்கும் கிடைத்துவிட்டது.

‘கம்பெனி’ என்று போர்டு மாட்டினாலே நம்பிவிடும் பழக்கம் நமக்கு அதிகம். கம்பெனி சாமான் என்றால் தரம் என்று பழகிய மனசு, பைனான்ஸ் கம்பெனி என்றாலும் பத்திரம் என்று நினைத்தது. 1990-களில் அதிக வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தபோது, ஓய்வூதியப் பணத்தையும் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தையும் இழந்தவர்கள் ஏராளம். அதன் விளைவாகத்தான் 1997-இல் முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது. சீட்டு நடத்துபவர் யாராக இருந்தாலும் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். சொல்லத் தயங்குகிறவரிடம் பணத்தைக் கொடுக்கவும் வேண்டாம்.

இன்றைய கிராமங்களில் இந்தச் சொல்லுக்குப் புதிதாக ஒரு பொருள் முளைத்து வருகிறது. உற்பத்தியாளர் கம்பெனி என்ற வகையை 2002-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் அனுமதித்தது. பத்து விவசாயிகள் சேர்ந்தால் தொடங்கலாம், மேல் வரம்பு கிடையாது. விளைபொருளை உண்டாக்குகிறவர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம். வெளியிலிருந்து பணக்காரர் ஒருவர் பங்கை வாங்கிக் கம்பெனியைக் கைப்பற்ற முடியாது. முக்கியமானது ஓட்டு: நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு, ஒரே பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. பண்ருட்டி முந்திரிக்கும் பலாவுக்கும், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல்லுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். கொட்டையை மூட்டையாக விற்றுவிடாமல் உடைத்து, தரம் பிரித்து, தங்கள் பெயரிலேயே பாக்கெட் போட்டு விற்கலாம்.

இதில் சேரும் விவசாயி பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போக வேண்டும், வரவு செலவைக் கேட்க வேண்டும், இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கை தூக்க வேண்டும். பங்குப் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டில் இருந்துவிட்டால், நாலு பேர் நடத்தும் இன்னொரு கம்பெனியாக அதுவும் மாறிவிடும். வேளாண்மை அலுவலகங்களில் இதற்கான விண்ணப்ப விவரங்கள் கிடைக்கும். ஐந்து இயக்குநர்களாவது இருக்க வேண்டும், பதினைந்துக்கு மேல் கூடாது. அந்த இடங்களில் பெண் விவசாயிகளும் குத்தகைக்கு உழுபவர்களும் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதை ஒவ்வொரு ஊரும் தன் முதல் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.